கடல்நீர் டேங்கில் பாசியா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மெரைன் டேங்க் வைத்த இரண்டு மூன்று மாதத்தில் கல், மணல், கண்ணாடி என்று எல்லாவற்றிலும் பாசி ஏறிவிட்டால், பெரும்பாலோர் முதலில் ஓடுவது கடைக்குத்தான். ஒரு பாட்டில் பாசி மருந்து வாங்குவார்கள். அது கேட்கவில்லை என்றால் பாசி தின்னும் மீன், பிறகு புது லைட். தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது கடைசியில்தான். காசு போகும் இந்த வரிசை அப்படியே தலைகீழ். நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் எந்த பாட்டிலை ஊற்றினாலும் பாசி திரும்ப வரும்.

நான் பட்ட பாடுகளில் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். கணக்கெல்லாம் 200 லிட்டர் டேங்குக்கு. கல்லும் மணலும் போக அதில் உண்மையில் இருக்கும் தண்ணீர் சுமார் 160 லிட்டர்தான். விலைகள் உத்தேசமானவை, சென்னை கொளத்தூரில் ஒன்று சொல்வார்கள், ஆன்லைனில் வேறொன்று இருக்கும்.

1. எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றை வளர்த்துவிடும்.

மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் படிந்து, விரலால் தொட்டதும் போய்விட்டால் அது டயட்டம். புது டேங்கில் வருவது சகஜம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக அடங்கிவிடும், பைசா செலவு செய்யாதீர்கள். மாதக்கணக்கில் நீடித்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கிறது என்று அர்த்தம்.

பச்சையாக நூல் நூலாகத் தொங்குவது முடிப்பாசி. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி இதற்காகத்தான். பார்க்க அதே மாதிரி இருந்து, ஒவ்வொரு இழையும் சின்ன இறகு வடிவில் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். கையால் பிடுங்கிக் கட்டுப்படாது. அதற்கு 8-ஆம் படியைப் பாருங்கள்.

கருஞ்சிவப்பில் ஜவ்வுபோல் மணலை மூடி, குழாயால் உறிஞ்சினால் பாயாகக் கழன்று வருவது சயனோ. சொல்லப்போனால் அது பாசியே இல்லை, பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலையில், அழுக்கு தேங்கிய இடத்தில் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, நீரோட்டம் தரும் வேவ் மேக்கரை அந்தப் பக்கம் திருப்பி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பழுப்புச் சளி, நுனியில் குமிழ்கள், மதியத்தில் கூடி இரவில் குறைவது என்று இருந்தால் அது டைனோ. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாகக் கிடக்கும் டேங்கில்தான் இது பெரும்பாலும் தலைதூக்கும். டயட்டம் என்று நினைத்து தண்ணீரை இன்னும் சுத்தப்படுத்தினால் இன்னும் பெருகும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் சளியை டேங்க் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகத் திரண்டால் டைனோ. அப்படியென்றால் தண்ணீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்துங்கள், மூன்று நாள் லைட்டை அணைத்து டேங்கைத் துணியால் மூடுங்கள், நைட்ரேட்டை 5 பிபிஎம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம்) வரை ஏற விடுங்கள். இரவில் நீரில் மிதக்கும் வகைகளுக்கு யூவி விளக்கு உதவும்.

கல்லில் ஊதாவாகப் பூச்சு பிடித்தால் அது கோரலைன், நல்ல பாசி. சுரண்டாதீர்கள்! அது வரத்தானே இத்தனை பாடு படுகிறோம்.

2. அளக்கும் சாமான்கள்

தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், 300 ரூபாய் அளவில். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், 1,500 முதல் 2,500. நைட்ரேட் கிட், 1,500-க்கு மேல். பாஸ்பேட் அளக்க நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் கிட் போதாது, 0.03-க்கும் 0.1-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹன்னா செக்கர் மாதிரி டிஜிட்டல் கருவி ஆறு, ஏழாயிரம் வரை ஆகும். வலிக்கும்தான். ஆனால் வேண்டாத மருந்துக்கும் மீனுக்கும் போகும் காசைக் கூட்டிப் பார்த்தால் இது மலிவு.

வாங்கும்போது ரீஏஜென்ட்டின் (சோதனைக்குக் கலக்கும் ரசாயனம்) காலாவதி தேதியைப் பாருங்கள். தள்ளுபடி விலையில் வருவது பெரும்பாலும் தேதி முடியப்போகிற சரக்கு. பில்லை வாங்கி வையுங்கள். கருவி தவறாகக் காட்டினால் மாற்ற அது இல்லாமல் முடியாது.

இரண்டு இடத்தில் கணக்கு சறுக்கும். பாஸ்பரஸை பிபிபி-யில் (பிபிஎம்-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும் செக்கர் என்றால், அதை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். 20 என்று காட்டினால் பாஸ்பேட் 0.06. அதேபோல் சில கிட் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் காட்டும், அதை 4.43-ஆல் பெருக்க வேண்டும். இது தெரியாமல் "5தான் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர் டேங்கில் உண்மையில் 22 இருக்கும்.

எட்ட வேண்டிய அளவு: நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1. பூஜ்யம் வேண்டாம். இன்னொன்று, டேங்க் முழுக்கப் பாசி இருக்கும்போது கிட் பூஜ்யம் காட்டினால் நம்பாதீர்கள். தண்ணீரில் இருப்பதைப் பாசி தின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

3. தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடலோரம் என்பதால் நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்பு ஏறியிருக்கிறது. விவசாய நிலத்தை ஒட்டிய இடங்களில் உர நைட்ரேட்டும் சேரும். "டெஸ்ட் ரிப்போர்ட் நல்லா இருக்கே" என்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம். நீங்கள் குடிக்க அது போதும். உங்கள் டேங்குக்கு அதுவே பாசி உரம். அதனால் குடிநீர் ரிப்போர்ட்டில் "ஏற்கத்தக்கது" என்ற வரியை விட்டுவிட்டு, நைட்ரேட் எண்ணை மட்டும் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சித்திரை, வைகாசியில் சில்லர் இல்லாதவர்கள் ஃபேன் வைத்துத் தண்ணீரைக் குளிரவைப்போம். அப்போது நாளைக்கு நான்கு லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். அந்த இடத்தை நைட்ரேட் 20 உள்ள தண்ணீரால் நிரப்பினால் நாளைக்கு 80 மில்லிகிராம் உள்ளே போகிறது. 160 லிட்டரில் அது தினம் 0.5 பிபிஎம். ஒரு மாதத்தில் 15 பிபிஎம் ஏறிவிடும், மீனுக்கு ஒரு பருக்கை கூடப் போடாமலே. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதில் கரைந்திருப்பதெல்லாம் டேங்கிலேயே தங்கும். அதனால் உப்புத் தண்ணீர் கலக்க மட்டும் நல்ல தண்ணீர், தினசரி நிரப்புவதற்குக் குழாய்த் தண்ணீர் என்ற சிக்கனம் வேண்டாம்.

வேண்டியது டிடிஎஸ் பூஜ்யம் காட்டும் தண்ணீர். வழிகள் மூன்று.

வீட்டு ஆர்.ஓ. மெஷின்: நேராக எடுத்தால் 40, 60 என்று காட்டும். ருசிக்காக டிடிஎஸ் கன்ட்ரோலரும் மினரல் கேட்ரிட்ஜும் வைத்திருப்பார்கள். மெக்கானிக்கை அழைத்து மெம்பரேனுக்கு அடுத்து, மினரல் கேட்ரிட்ஜுக்கு முன்னால் ஒரு டி கனெக்டர் போட்டு தனி டியூப் எடுக்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் கன்ட்ரோலர் கலக்கும் இடமும் அந்த டியூப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும். அந்த டியூப்பின் முனையில், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குடுவை. குடுவையும் ரெசினும் சேர்த்து இரண்டு முதல் நான்காயிரம். நிறம் மாறும் ரெசினாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். வீணாகப் போகும் தண்ணீரைப் பாத்திரம் கழுவப் பிடித்துக்கொள்ளலாம்.

கேன் தண்ணீர்: ஒரே கம்பெனி கேனிலேயே இந்த வாரம் 30, அடுத்த வாரம் 90 என்று வரும். ரெசினைத் தாண்டாமல் ஊற்றாதீர்கள்.

இன்வர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர்: 40, 50 லிட்டர் சின்ன டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இது போதும். மீட்டரில் பூஜ்யம் அல்லது 1, 2 காட்டுகிறதா என்று ஒவ்வொரு கேனையும் பாருங்கள்.

"கடல் பக்கத்துலதானே இருக்கு, எதுக்கு உப்பு வாங்கணும்?" இந்தக் கேள்வி கேட்காத விருந்தாளி இல்லை. கரையோரத்து நீரைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றாதீர்கள். புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு. கடலூரில் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு. ஊர்க் கழிவும் வயல் நீரும் இவற்றோடுதான் கடலுக்கு வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் சட்டென்று இறங்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மழைக்காலம் கழிந்து கடல் தெளிந்தபிறகு, ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரரிடம் சொல்லி, ஆற்று முகத்தை விட்டு வெகுதூரம் தள்ளி எடுக்கச் சொல்லுங்கள். டீசல் கேனில் அல்ல, நீங்கள் கொடுத்தனுப்பும் புது கேனில். வந்ததும் உப்பையும் பாஸ்பேட்டையும் அளந்துவிட்டு, வடிகட்டி, இருட்டில் ஒரு வாரம் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

பாக்கெட் உப்பு என்றால் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம். தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு நாள் பம்ப் ஓடட்டும், பிறகு உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கிறதா பாருங்கள். திறந்த மூட்டையை நம் கடற்காற்று ஒரு வாரத்தில் பாறையாக்கிவிடும், உடனே மூடியுள்ள டிரம்மில் கொட்டி வையுங்கள்.

4. தீனியும் வெளிச்சமும்

இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை. ஃப்ரோசன் தீனியை வடிகட்டியில் போட்டு ஆர்.ஓ. தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தீனி டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

லைட் 8 மணி நேரம் போதும். பாசியோடு சண்டை நடக்கும் வாரங்களில் 6. டைமர் 300, 400 ரூபாய்தான். வெள்ளை, சிவப்பு, பச்சை சேனல்களைக் குறையுங்கள். கிழக்குப் பார்த்த ஜன்னல் வெயில் டேங்கில் விழுந்தால் திரை போடுங்கள்.

ஃபில்டர் சாக்ஸை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். வாரக்கணக்கில் விட்டால் அதில் சிக்கியதெல்லாம் அழுகி நைட்ரேட்டாகத் திரும்பும்.

5. கையால் பிடுங்குங்கள்

யாரும் விரும்பாத வேலை, ஆனால் இதற்கு மாற்று இல்லை. பாசி உறிஞ்சிய பாஸ்பேட்டை டேங்குக்கு வெளியே கொண்டுபோக இதுதான் நேர்வழி.

எடுக்க முடிகிற கல்லை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீர் நிரப்பிய வாளியில் போடுங்கள். இழையை நுனியில் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கல்லைத் தொடும் அளவுக்கு அடியில் பிடித்து, கொஞ்சம் திருகி இழுத்தால் வேரோடு கொத்தாக வரும். மிச்சத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, இன்னொரு வாளி உப்புத் தண்ணீரில் அலசி, திரும்ப வையுங்கள். வாளித் தண்ணீர் கீரை அலசிய தண்ணீர்போல் ஆகிவிடும், அதைக் கொட்டிவிடுங்கள்.

ஒட்டி நிற்கும் பெரிய கல்லை டேங்குக்குள்ளேயே தேய்க்க வேண்டும் என்றால், ஏர் டியூப்பை பிரஷ்ஷோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, தேய்க்கத் தேய்க்க உறிஞ்ச வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு துணுக்கும் வேறொரு கல்லில் போய் ஒட்டும். பச்சைக் குமிழாக வரும் வலோனியாவை உள்ளே உடைக்கவே கூடாது. வெளியே எடுத்துக் கத்தி முனையால் நெம்பி எடுங்கள்.

கையுறை அவசியம். கல்லில் வளரும் சில பவள வகைப் பாலிப்புகளில் கடும் விஷம் உண்டு, கண்ணைத் தேய்த்துவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

6. தண்ணீர் மாற்றும் கணக்கு

நைட்ரேட் 40 இருக்கிறது. 20 சதவீதத் தண்ணீரை மாற்றினால் 32-க்குத்தான் இறங்கும். "மாத்தியும் குறையலையே" என்ற புலம்பல் இதனால்தான். வாரம் 25 சதவீதம் வீதம் நான்கு வாரம் மாற்றினால் 13-க்கு வரும், இடையில் புதிதாக ஏறாமல் இருந்தால். ஒரே நாளில் பாதியை மாற்றி மீனை அலற வைக்க வேண்டாம்.

பாஸ்பேட் வேறு கதை. கல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தண்ணீரில் குறையும்போது திரும்ப விடும். இன்று 0.05, மூன்று நாளில் 0.2 என்றால் கிட் கெட்டுப்போகவில்லை, கல் கக்குகிறது. பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணி கொஞ்சமாகப் போட்டு மெல்ல இறக்குங்கள். வேகமாக இறக்கினால் பவளம் வைத்திருப்பவர்களுக்கு நஷ்டம். சம்ப் (டேங்கோடு இணைத்த துணைத் தொட்டி) இருந்தால் அதில் கீட்டோ பாசி வளர்த்து, இரவில் 500 ரூபாய் எல்.ஈ.டி. பல்பு போட்டால், வேண்டாத பாசி தின்பதை அது தின்னும். வாரம் ஒரு பிடி பிடுங்கி வெளியே போடுங்கள்.

முடிப்பாசி மொத்தமாக அடங்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஒரு நோட்டில் தேதி போட்டு எண்களை எழுதி வந்தால்தான் அந்த வாரத்தைத் தாண்ட முடியும்.

7. பாசி தின்னும் ஆட்கள், பில்

தண்ணீர் வழிக்கு வந்தபிறகு நத்தை. 200 லிட்டருக்கு எட்டு, பத்தில் தொடங்குங்கள். டிரோக்கஸ் நல்லது, கவிழ்ந்தால் தானே நிமிரும். டர்போ நன்றாகத் தின்னும், ஆனால் கவிழ்ந்தால் நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும். உப்பளவு சட்டென்று மாறினால் நத்தை செத்துப்போகும், சொட்டு சொட்டாக ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள். நீள முடிப்பாசியை நத்தை பெரும்பாலும் தொடாது, அதனால்தான் முதலில் பிடுங்கச் சொன்னேன்.

டாங் மீன், ஓரா வகை மீன் எல்லாம் பாசியை மேயும். கடையில் விரலளவு குட்டியாக இருக்கும். வளர்ந்தபிறகு 200 லிட்டர் அதற்குப் போதாது. ஓராவின் முள் விஷம் என்பதை மீன் ஆய்கிறவர்கள் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

கல் வாங்கும்போது கவனம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பாறைப் பவளங்கள், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் இருக்கின்றன. நம் கடலில் எடுத்த பவளக்கல், செத்ததாக இருந்தாலும், வாங்குவதும் விற்பதும் குற்றம். "ராமேஸ்வரம் கல் சார், பாசியே வராது" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். செயற்கைக் கல் போதும். வெளிநாட்டுப் பவளம் என்றால் இறக்குமதி ஆவணத்தின் நகலும், உயிரினத்தின் பெயர் எழுதிய பில்லும் கேளுங்கள். வெறும் "மெரைன் ஐட்டம்" என்று எழுதிய துண்டுச்சீட்டு நாளைக்கு உங்களைக் காப்பாற்றாது.

8. மருந்து, கடைசியாக

ஹைட்ரஜன் பெராக்சைடு: வெளிநாட்டுக்காரர்கள் 3 சதவீதம் என்று சொல்லும் அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். நம் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். லேபிளைப் படித்து, 6 என்றால் சம அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து, வெளியே எடுத்த கல்லில் சிரிஞ்சால் பாசிமேல் மட்டும் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் உப்புத் தண்ணீரில் அலசுங்கள். டேங்கில் இறால் இருந்தால் நேரே ஊற்றவே வேண்டாம்.

ஃப்ளூகோனசோல்: பிரையாப்சிஸுக்கு இதுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம். 160 லிட்டருக்கு 800, ஏறத்தாழ 150 மில்லிகிராம் மாத்திரை ஐந்து (750). சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து என்பதால் கால்நடை மருத்துவரிடம் பேசி வாங்குங்கள். ஃபில்டரில் இருக்கும் கார்பனை எடுத்துவிட்டு, ஸ்கிம்மரின் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) கப்பைக் கழற்றி, இரண்டு மூன்று வாரம் விட வேண்டும். சாகும் பாசி அழுகி நைட்ரேட்டை ஏற்றும். அதைச் சமாளிக்கிற நிலையில் டேங்க் இருந்தால்தான் இறங்குங்கள்.

சயனோவுக்கு எரித்ரோமைசின் போடச் சொல்வார்கள். நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. கரண்ட் போனால்

2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர்களில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கரண்ட் போன அன்று தப்பிய டேங்கில் இரண்டு வாரம் கழித்துப் பாசி வெடிக்கும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. கல்லுக்குள் செத்த புழு பூச்சியெல்லாம் அழுகுவதுதான் காரணம். கரண்ட் வந்ததும் நைட்ரேட் பார்த்து, 25 சதவீதம் மாற்றுங்கள்.

பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் 500 முதல் 1,000 ரூபாய். இன்வர்ட்டர் இருந்தால் ஹீட்டர், லைட் எதுவும் அதில் வேண்டாம், ஒரு சின்ன வேவ் மேக்கர் மட்டும். கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால் அதில் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜை அலசிய பிறகே ஓட்டுங்கள்.

உப்பு, ரெசின், ரீஏஜென்ட் மூன்றையும் புரட்டாசிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் சென்னையிலிருந்து பார்சல் எப்போது வரும் என்று கூரியர்க்காரருக்கே தெரியாது.